கப்பல் பினாங்கில் நிற்கும் எட்டு மணி நேரத்தில் அறுபதாம் கல்யாணம் நடத்த முடியுமா?

பிறைக்காரி
2022 மே 22

வணக்கம். பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பிறை ஊரிலிருந்து எழுதுகிறேன். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அப்பா 1962-இல், சுபகிருது வருடம் பிறந்தவர். போன மாதம் சித்திரைப் பிறப்போடு அறுபது வருடச் சுற்று முடிந்து மறுபடியும் சுபகிருது வந்துவிட்டது. ஆனியில் அவருடைய நட்சத்திரம் வரும் நாளில் அறுபதாம் கல்யாணம் செய்ய வேண்டும். 2020-இல் தம்பியின் கல்யாணத்தைப் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு முடித்தோம். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை இருந்த நேரம், வேறு வழியில்லை. அந்தக் குறை அம்மாவுக்கு இன்னும் தீரவில்லை. இந்த முறை சொந்தத்தில் ஓர் ஆள்கூடக் குறையக்கூடாது என்பது அவர் உத்தரவு.

அப்பா முப்பத்திரண்டு வருடம் பட்டர்வொர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். எத்தனையோ கப்பலுக்குச் சரக்கு ஏற்றி இறக்கியிருக்கிறார், ஒன்றில்கூட ஏறிப் பயணம் போனதில்லை. அதனால் சிங்கப்பூரில் இருக்கும் தம்பிக்கு ஒரு யோசனை. ஜூலையில் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் ஒரு சொகுசுக் கப்பல், கிள்ளான் துறைமுகம், பினாங்கு, பூக்கெட் என்று ஐந்து இரவு போய்த் திரும்புகிறது. அது பினாங்கில் நிற்கும் நாளும் அப்பாவின் நட்சத்திரமும் ஒன்றாக வருகின்றன! காலை 8 மணிக்கு வந்து மாலை 4 மணிக்குக் கிளம்புகிறது. கப்பல் நிற்கும் துறையான ஸ்வெட்டன்ஹாம் பியரிலிருந்து குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயிலுக்குப் பத்து நிமிட நடை. குருக்களும் 9 முதல் 10.30 வரை நல்ல நேரம் என்கிறார். கப்பலில் வரும் 22 பேர் இறங்கிக் கோயிலுக்குப் போக வேண்டியது, பாட்டியையும் மற்ற சொந்தங்களையும் பிறையிலிருந்து காரில் அழைத்து வர வேண்டியது, தாலி கட்டி, சாப்பிட்டு, மாலையோடு கப்பலுக்குத் திரும்ப வேண்டியது. பாட்டிக்கு 84 வயது, அவரால் சிங்கப்பூர் வரை வர முடியாது. அவர் ஆசீர்வாதம் இல்லாமல் அப்பா மணையில் உட்கார மாட்டார்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இந்த இரண்டு வருடமாகக் கப்பல்கள் எங்கும் நிற்காமல் கடலைச் சுற்றிவிட்டுத்தான் வருகின்றன. இப்போது போட்டிருக்கும் பினாங்கு நிறுத்தத்தை நம்பலாமா? மலேசியா ஏப்ரல் 1-இல் எல்லையைத் திறந்துவிட்டது, இந்த மாதம் முதல் தடுப்பூசி முழுதாகப் போட்டவர்களுக்குப் பரிசோதனைகூட இல்லை. இனிமேல் என்ன தடை வரப்போகிறது என்கிறான் தம்பி. மாத முடிவுக்குள் முன்பணம் கட்ட வேண்டும்.

பிறையில் இருப்பவர்கள் பினாங்குக்கு வருவதற்கு சிங்கப்பூர் போய்க் கப்பல் ஏறுவதா என்று சிரிக்க வேண்டாம். எங்கள் வீட்டுக்காரர் ஏற்கெனவே சிரித்துவிட்டார்.


மஞ்சள்கொடி
2022 மே 23

தங்கச்சி, முதலில் வாழ்த்து. உங்கள் அப்பாவுக்கு ஒரு வருடம் மூத்தவன் நான். எனக்கு அறுபது முடிந்தது 2021 ஜூனில், நாடே முழுதாக மூடிக் கிடந்த நேரம். குருக்கள் ஸூமில் மந்திரம் சொன்னார். கைப்பேசியை மைலோ டின்மேல் சாய்த்து வைத்து நானும் என் மனைவியும் ஹாலில் உட்கார்ந்தோம். தாலி கட்டுகிற நேரம் பார்த்து இணையம் நின்றுவிட்டது. கெட்டிமேளத்தை மகன் யூடியூபில் தேடி எடுப்பதற்குள் மூன்றாவது முடிச்சும் விழுந்துவிட்டது. ஆகவே ஆள் கூடிச் செய்ய வேண்டும் என்பதில் நான் உங்கள் அம்மாவின் கட்சி.

ஆனால் முகூர்த்தத்தைக் கப்பல் கையில் கொடுக்காதீர்கள்.

கிள்ளான் துறைமுகத்தில் இருபத்தாறு வருடம் கப்பல் ஏஜென்ட் வேலை பார்த்தேன். சரக்குக் கப்பல்தான் அதிகம், கடைசிப் பத்து வருடம் அங்கே பூலாவ் இண்டா முனையத்துக்கு வரும் பயணிகள் கப்பல்களும் சேர்ந்துகொண்டன. கப்பல் வருவதற்கு முன்பே துறைமுகம், குடிநுழைவு, சுங்கம், சுகாதாரம் என்று நாலு இடத்துக்கும் காகிதம் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் ஏஜென்ட். வேறு நாட்டிலிருந்து வரும் கப்பல் நுழையும்போது ஒரு மஞ்சள் கொடி ஏற்றும். ‘என் கப்பலில் நோய் இல்லை, உள்ளே வர அனுமதி கொடு’ என்று அதற்கு அர்த்தம். என் பெயர் அங்கிருந்து எடுத்ததுதான். இருபது வருடமாக அந்தக் கொடியை நான் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. சுகாதார அறிக்கை என்பது கேப்டன் ‘இல்லை, இல்லை, இல்லை’ என்று வரிசையாக எழுதிக் கையெழுத்துப் போடும் ஒரு தாள், அவ்வளவுதான். 2020-இல் அந்த ஒரு தாள்தான் மற்ற எல்லாக் காகிதத்தையும் விழுங்கியது.

பயணத் திட்டம் எப்படிப் போடுகிறார்கள் என்று தெரிந்தால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். சாதாரணக் காலத்தில் ஒன்றரை, இரண்டு வருடத்துக்கு முன்பே ஆரம்பிப்பார்கள். கிளம்பும் துறைமுகமும் எத்தனை இரவு என்பதும் முதலில் முடிவாகும். பிறகு தூரமும் வேகமும். சிங்கப்பூரிலிருந்து கிள்ளான் சுமார் 200 கடல் மைல். சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளம்பி, மணிக்கு 16 கடல் மைல் வேகத்தில் மெதுவாக வந்தாலும் காலையில் பசியாறும் நேரத்துக்கு வந்துவிடலாம். மெதுவாக வந்தால் எண்ணெய் மிச்சம். இரவில் ஓடி, பகலில் நிற்பதுதான் இந்தத் தொழிலின் கணக்கு. அதற்குப் பிறகு அந்தத் தேதியில் அந்தத் துறைமுகத்தில் இடம் காலியாக இருக்கிறதா என்று பார்த்து, பதிவு செய்வார்கள். இன்னொன்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: நீங்கள் கரையில் இருக்கும் நேரத்தில் கப்பலுக்கு வரும்படி இல்லை. கடையும் மூடியிருக்கும், சூதாட்ட அறையும் மூடியிருக்கும். பினாங்கில் இரண்டு மணி நேரம் குறைந்தால் அழப்போவது நீங்கள்தான், அவர்கள் இல்லை.

கொரோனா வந்ததும் இந்தக் கணக்கு தலைகீழாகிவிட்டது. அதுவரை அடுத்த துறைமுகம் எது என்றுதான் எல்லோரும் கேட்போம். திடீரென்று எல்லா நாடும் ‘கடைசியாக எங்கே நின்றாய்?’ என்று கேட்க ஆரம்பித்தது. வெஸ்டர்டாம் என்ற கப்பலை ஞாபகம் இருக்கிறதா? 2020 பிப்ரவரி 1-ஆம் தேதி ஹாங்காங்கிலிருந்து கிளம்பியது. அங்கே நின்ற ஒரே காரணத்துக்காக பிலிப்பைன்ஸ், தைவான், ஜப்பான், குவாம், தாய்லாந்து என்று ஐந்து இடம் கதவைச் சாத்தின. கடைசியில் 13-ஆம் தேதி கம்போடியாவின் சிஹானுக்வில்தான் இடம் கொடுத்தது. அதில் இருந்து 145 பேர் தனி விமானத்தில் நம் ஊருக்கு வந்தபோது, கோலாலம்பூர் விமான நிலையத்தில் 83 வயது அமெரிக்க அம்மா ஒருவருக்குத் தொற்று என்று சோதனையில் வந்தது. அத்தோடு அந்தக் கப்பல் பயணிகள் யாரும் இங்கே வரக்கூடாது என்று நம் அரசாங்கமும் சொல்லிவிட்டது.

அடுத்த மாதமே நம் பினாங்கில் நடந்தது இன்னும் கிட்டத்துக் கதை. கோஸ்டா ஃபார்ச்சூனா, ஏறக்குறைய 2,000 பயணிகள். அதில் இத்தாலிக்காரர்கள் 64 பேர் இருந்தார்கள் என்பதற்காக முதலில் பூக்கெட் வேண்டாம் என்றது, பிறகு பினாங்கும் வேண்டாம் என்றது. மார்ச் 10-ஆம் தேதி சிங்கப்பூரில்தான் இறங்கினார்கள். அந்த வாரமே மலேசியத் துறைமுகங்கள் எல்லாமே சொகுசுக் கப்பல்களுக்கு மூடப்பட்டன. அடுத்த வாரம் பூலாவ் இண்டாவுக்கு வரவேண்டிய ஒரு கப்பலுக்கு நான் 14 பஸ் ஏற்பாடு செய்து வைத்திருந்தேன். பத்துமலைக்கு ஆறு, கோலாலம்பூர் சுற்ற எட்டு. பஸ்காரர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டுச் சொன்ன அந்த மதியத்தை மறக்க முடியாது. 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது, அந்தப் பஸ்களில் பாதி இப்போது எங்கே இருக்கின்றன என்றே தெரியவில்லை.

இதெல்லாம் பழங்கதை என்று உங்கள் தம்பி சொல்வார். பழங்கதைதான், ஆனால் அதிலிருந்து கப்பல்காரர்கள் கற்றுக்கொண்ட பாடம் இன்றைய திட்டத்தில் இருக்கிறது. நடுவில் யாருக்காவது தொற்று வந்தால் கிளம்பிய துறைமுகம் திரும்ப ஏற்றுக்கொள்ளும் என்ற உறுதி வேண்டும், அங்கே ஒரு நாளில் திரும்பிவிடக் கூடிய தூரத்தில் இருக்க வேண்டும். இந்த ஜனவரியில்கூட ஹாங்காங்கிலிருந்து எங்கும் நிற்காத பயணம் போன ஸ்பெக்ட்ரம் கப்பலை, அதிலிருந்த சிலர் தொற்றாளருடன் நெருங்கிப் பழகியவர்கள் என்பதற்காக நடுவிலேயே திரும்பக் கூப்பிட்டார்கள். சின்னச் சுற்று, குறைந்த நிறுத்தம் என்று இப்போது போடுவது அதனால்தான்.

உங்கள் திட்டத்துக்கு வருகிறேன். அதில் மூன்று நாடு இருக்கிறது. மூன்று நாட்டின் விதியும் ஒரே வாரத்தில் ஒத்துப்போக வேண்டும். கிள்ளானும் பினாங்கும் ஒரே நாடு, ஒன்று திறந்திருந்தால் பெரும்பாலும் மற்றதும் திறந்திருக்கும். தாய்லாந்து நுழைவுக்கு இன்னும் ‘தாய்லாந்து பாஸ்’ என்ற முன்பதிவைக் கேட்கிறார்கள். பூக்கெட் விழுந்தால் பினாங்கின் நேரமும் நகரும், சில சமயம் நாளே நகரும். பினாங்கை எடுத்துவிட்டுக் கடலிலேயே ஒரு நாள் வைத்தாலும் நீங்கள் கேட்க முடியாது. சீட்டின் பின்பக்கம் படித்துப் பாருங்கள், துறைமுகத்தை மாற்றவும் விடவும் கப்பலுக்கு உரிமை உண்டு என்று இருக்கும். துறைமுகக் கட்டணத்தை மட்டும் திருப்பித் தருவார்கள்.

சரி, எல்லாம் நடந்து கப்பல் காலை 8 மணிக்கே வந்துவிட்டது என்று வையுங்கள். 8 மணி என்பது பியரைத் தொடும் நேரம். அதிகாரிகள் ஏறி, காகிதம் சரிபார்த்து, படி இறக்கி, ஆயிரக்கணக்கான பேர் வரிசையில் நின்று குடிநுழைவைத் தாண்டி வெளியே வர 9.30 ஆனால் ஆச்சரியப்பட மாட்டேன். பட்டுச்சேலை கட்டிய அத்தைமார்களோடு என்றால் 10. திரும்பி ஏற மூன்று மணிக்குள் வரச் சொல்வார்கள்.

கடைசியாக ஒன்று. இறங்கியவர்கள் தனியாகச் சுற்றலாமா, கப்பல் ஏற்பாடு செய்யும் பஸ்ஸில்தான் போக வேண்டுமா என்று எழுத்தில் கேளுங்கள். 2020 ஆகஸ்டில் எம்எஸ்சி கிராண்டியோசா கப்பல் இத்தாலியில் மறுபடி ஓட ஆரம்பித்தபோது, கப்பலின் சுற்றுலாக் குழுவோடு மட்டும்தான் கரையில் நடக்கலாம் என்று விதி. நேப்பிள்ஸில் ஒரு குடும்பம் குழுவை விட்டு விலகிப் போனது, திரும்பி வந்தபோது கப்பலில் ஏற்றவில்லை. அந்த மாதிரி விதி ஜூலையில் இங்கே இருந்தால் உங்கள் அப்பா அம்மா மாலையும் கழுத்துமாகப் பியரில் நிற்க வேண்டியதுதான்.

அறுபதாம் கல்யாணத்தை அதே நாளில் அதே கோயிலில், காரிலோ ஃபெரியிலோ வந்து செய்யுங்கள். கப்பலை இரண்டு வாரம் தள்ளிப் போடுங்கள்.


உட்லண்ட்ஸ் வாசி
2022 மே 23

அண்ணன் சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை. எங்கும் நிற்காத பயணம் எப்படி இருந்தது என்று மட்டும் சொல்கிறேன், உங்கள் அப்பாவுக்குக் கப்பல்தான் முக்கியம் என்றால் உதவும்.

சிங்கப்பூரில் 2020 நவம்பரில் அதை ஆரம்பித்தார்கள். பாதி ஆட்களைத்தான் ஏற்றலாம், ஏறுவதற்கு முன் பரிசோதனை, கழுத்தில் தொடர்பு கண்டறியும் டோக்கன். டிசம்பரில் குவாண்டம் கப்பலில் 83 வயதுப் பெரியவருக்குத் தொற்று என்று சொல்லி ஒரு நாள் முன்பே திருப்பிக் கொண்டுவந்து, எல்லோரையும் அறையிலேயே இருக்கச் சொன்னார்கள். மறுபடி சோதித்தபோது அவருக்கு ஒன்றுமே இல்லை. எங்கள் அலுவலகத்து நண்பர் ஒருவர் அதில் இருந்தார். ‘நல்ல சாப்பாடு, ஆனால் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு ஓடிவிடுகிறார்கள்’ என்று செய்தி அனுப்பினார்.

நானும் மனைவியும் போனது 2021 மார்ச்சில். எனக்குச் சொந்த ஊர் மலாக்கா. அப்போது எல்லை மூடி ஒரு வருடம், அம்மாவைப் பார்த்து அதைவிடக் கொஞ்சம் கூட. இரண்டாவது நாள் இரவு மேல்தளத்தில் நிற்கிறேன், வலது பக்கம் தூரத்தில் வரிசையாக வெளிச்சம். மலாக்காவா, போர்ட் டிக்சனா தெரியவில்லை. பழைய மலேசிய சிம்மை விடாமல் வைத்திருந்தேன், அது திடீரென்று உயிர் வந்து நாலைந்து குறுஞ்செய்தியைக் கொட்டியது. உடனே அம்மாவுக்குப் போன் போட்டேன். “எங்கேடா இருக்க?” என்றார். “வீட்டுக்கு எதிரேதாம்மா, கடல்ல” என்றேன். வாசலுக்கு வந்து பார்த்தாராம். எங்கள் வீட்டு வாசலிலிருந்து கடல் தெரியாது.

மூன்று நிமிடத்தில் சிக்னல் போய்விட்டது.

கப்பல் நிற்காவிட்டாலும் வயதானவர்களுக்கு அலுக்காது, தைரியமாகப் போங்கள். சாப்பாட்டுக் கூடத்தில் இட்லி இருந்தது. சாம்பாரைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல விரும்பவில்லை.


தைப்பிங் மழை
2022 மே 24

முன்பணம் என்று படித்ததும் வயிறு எரிந்தது, அதனால் எழுதுகிறேன்.

2020 ஏப்ரலுக்கு நாலு அறை பதிவு செய்திருந்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். பயணம் ரத்து என்று அவர்களே சொன்னார்கள், சரி, பணம் வரும் என்று பார்த்தால் ‘எதிர்காலப் பயணத்துக்கான வரவு’ என்று ஒரு கடிதம் வந்தது. ஒரு வருடத்துக்குள் பயன்படுத்த வேண்டுமாம். ஒரு வருடம் முழுக்க நான் மாநில எல்லையையே தாண்டவில்லை, ஈப்போவுக்குக்கூடப் போகவில்லை, கப்பலுக்கு எங்கே போவது? நீட்டித்துக் கேட்டேன். நீட்டித்தார்கள், ஆனால் புது விலைப்படி வித்தியாசம் கட்ட வேண்டுமாம். கடைசியில் நாலில் மூன்று அறைப் பணம்தான் திரும்பி வந்தது, அதுவும் மருமகள் வாரா வாரம் மின்னஞ்சல் போட்டதால்.

பிறைக்காரி அக்கா, கப்பல்காரர்கள் ரத்து செய்தால் பணமா வரவா, நீங்கள் ரத்து செய்தால் எவ்வளவு பிடித்தம், ஏறும் அன்று காலையில் ஒருவருக்குத் தொற்று என்று சோதனையில் இரண்டு கோடு வந்தால் அதே அறையில் இருக்கும் மற்றவர்கள் கதி என்ன, இந்த மூன்றையும் எழுத்தில் வாங்காமல் ஒரு வெள்ளிகூடக் கட்டாதீர்கள். மூன்றாவதுதான் முக்கியம். 22 பேரில் ஒருவருக்குக்கூட வராது என்று யார் சொல்ல முடியும்?


பிறைக்காரி
2022 மே 24

எல்லோருக்கும் நன்றி. அண்ணே, உங்கள் பதிலை வீட்டில் சத்தமாக வாசித்தேன். பஸ்காரர்கள் கதைக்கு அப்பா தலையாட்டினார். அந்த மார்ச்சில் பட்டர்வொர்த்தில் சரக்கு நிற்கவில்லை, முகக்கவசத்தோடு கிரேன் அறையில் உட்கார்ந்திருந்தவர் அவர். ‘மஞ்சள் கொடியை நான் மேலே இருந்து எத்தனை தடவை பார்த்திருக்கிறேன், எதற்கென்று கேட்டதே இல்லை’ என்றார்.

தம்பி மட்டும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான். அவன் ஏற்கெனவே முன்பணம் கட்டிவிட்டானாம், எனக்கு இன்றுதான் சொல்கிறான்! தேதியை மாற்ற முடியுமா?

இன்னொன்று. கப்பலில் வர ஆசைப்பட்டதற்கு அப்பாவிடம் வேறு காரணமும் இருக்கிறது. அவருடைய தாத்தா நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் பினாங்குக்கு வந்தவர். நானும் ஒரு தடவை அப்படி வந்து இறங்க வேண்டும் என்கிறார்.


மஞ்சள்கொடி
2022 மே 25

கிளம்ப நாள் இருக்கும்போதே கேட்டால் பெரும்பாலும் தேதியை மாற்றிக் கொடுப்பார்கள், இப்போது அவர்களுக்கும் ஆள் வேண்டும். ஐந்து இரவை விட்டுவிட்டு கிள்ளான், பினாங்கு மட்டும் தொடும் மூன்று இரவுப் பயணம் இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். கடன் அட்டையில் கட்டினாரா? கட்டியிருந்தால் நல்லது. ஜனவரியில் ஜென்டிங் ஹாங்காங் என்ற கப்பல் நிறுவனம் கலைப்புக்கு மனுச் செய்ததும், மார்ச்சில் சிங்கப்பூரில் அதன் வோர்ல்டு டிரீம் கப்பல் ஓட்டத்தை நிறுத்தியதும் தெரியும்தானே, இந்தத் தொழில் இன்னும் காலூன்றி நிற்கவில்லை. மீதிப் பணத்தைக் கடைசித் தேதிக்கு முன்னால் கட்டாதீர்கள்.

ரஜூலா என்றதும் மனசு எங்கோ போய்விட்டது. 1926-இல் கட்டின கப்பல், என் தாத்தாவும் அதில்தான். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்களுக்கு ஊரைப் பார்த்ததும் இறங்கக் கொடுத்துவைக்கவில்லை. பினாங்குக்குப் பக்கத்துச் சின்னத் தீவான பூலாவ் ஜெரஜாக்கில் இறக்கி, அம்மை, காலரா இல்லை என்று தெரியும்வரை வைத்திருப்பார்களாம். தாத்தா அதைச் சொல்லும்போதெல்லாம் சிறை மாதிரி என்று நினைத்துக்கொள்வேன். 2020-இல் ஹோட்டலில் பத்து, பதினாலு நாள் அடைபட்டவர்களைப் பார்த்தபோதுதான் அவர் சொன்னது புரிந்தது. தீவிலிருந்து எதிரே விளக்கெல்லாம் தெரியுமாம், கூப்பிட்டால் கேட்கும் தூரம் மாதிரி இருக்குமாம்.

உங்கள் அப்பாவுக்கு மேல்தளத்தில் இடம் பிடித்துக் கொடுங்கள். பினாங்கு நெருங்கும்போது பஃபே வரிசையில் நிற்க விடாதீர்கள்.


பிறைக்காரி
2022 ஆகஸ்ட் 4

முடிந்தது. சொல்லாமல் விட்டால் நன்றாக இருக்காது.

அறுபதாம் கல்யாணத்தை அதே கோயிலில், அதே நாளில் நடத்தினோம். ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறையை ஒட்டி வந்ததால் கோலாலம்பூரில் இருக்கும் சொந்தமெல்லாம் வந்துவிட்டது. 22 பேர் 140 ஆனார்கள், சாப்பாடு இரண்டு பந்தி பற்றாமல் மூன்றாவதுக்கு லிட்டில் இந்தியாவில் சோறு வாங்க ஓடினோம். அம்மா அந்தக் குறையையும் தம்பி கல்யாணக் கணக்கில் சேர்த்துவிட்டார்.

தம்பியின் பதிவு ஜூலைக் கடைசிக்கு மாறியது. ஆனால் பழைய பயணத்தின் அறிவிப்புகள் அவனுக்கு வந்துகொண்டே இருந்தன. ஜூன் மூன்றாம் வாரம் ஒரு மின்னஞ்சல்: பினாங்கு வருகை காலை 8-க்குப் பதில் மதியம் 1 மணி. காரணம் ஒரு வரியில் ‘செயல்பாட்டுக் காரணங்கள்’. தம்பி அதை எனக்கு அனுப்பினான், கூட ஒரு வார்த்தை எழுதவில்லை. நானும் பதிலுக்கு ஒன்றும் எழுதவில்லை, மஞ்சள் கொடிப் படம் ஒன்றை மட்டும் அனுப்பினேன்.

எங்கள் பயணத்தில் 22 பேரில் 19 பேர்தான் ஏற முடிந்தது. தைப்பிங் மழை சொன்ன மூன்றாவது கேள்விதான். சின்ன அத்தை வீட்டில் கிளம்பும் முந்தின நாள் இரண்டு கோடு. எழுத்தில் வாங்கி வைத்திருந்ததால் அந்த அறைக்குப் பணம் திரும்பி வந்துவிட்டது, ஆனால் அத்தை அழுதது அழுததுதான். கிள்ளானில் பத்துப் பேர் பத்துமலைக்குப் போனார்கள், மற்றவர்கள் கப்பலிலேயே தூங்கினோம். இறங்கினவர்கள் தனியாகச் சுற்றலாம் என்று ஏறும்போதே சொல்லிவிட்டார்கள், அந்தப் பயம் இல்லை.

பினாங்குக்கு வந்தபோது மதியத்துக்கு மேல் ஆகிவிட்டது. பாட்டி வருவதாக இருந்த இடம் பியருக்கு வெளியே மணிக்கூண்டு. விக்டோரியா மகாராணி அறுபது வருடம் ஆண்டதற்கு அறுபது அடியில் கட்டினார்களாமே, அதனால்தான் அந்த இடத்தைச் சொன்னேன். அது யாருக்கும் புரியவில்லை. பாட்டி ஐந்தடுக்குத் தூக்குச்சட்டியோடு ஒரு மணி நேரமாக அங்கே காரில் காத்திருந்தார். கப்பலுக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள் என்றதும், “அப்ப இங்கயே சாப்பிடுங்க” என்று நடைபாதை ஓரத்திலேயே திறந்துவிட்டார். ரசம், உருளைக்கிழங்கு, அப்பளம். 19 பேருக்கு ஐந்து அடுக்கு. அந்த வழியாக வந்த வேறு பயணிகள் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அண்ணே, உங்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். கப்பல் உள்ளே வரும்போது அப்பாவை மேல்தளத்துக்குக் கூட்டிப் போய் ஜார்ஜ் டவுன் பக்கம் நிற்க வைத்தேன். கொம்தார் கோபுரம் தெரிகிறது, கோட்டை தெரிகிறது, தாத்தா வந்து இறங்கிய ஊர் இதுதான் என்று காட்டிக்கொண்டிருக்கிறேன், பக்கத்தில் ஆளைக் காணோம். தேடிப் போனால் மறுபக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பட்டர்வொர்த்தைப் பார்த்து நிற்கிறார். அங்கே ஒரு கிரேன் பெட்டியைத் தூக்கிக்கொண்டிருந்தது.

“ஆட விடுறான் பாரு, காத்துக்குப் பிடிக்கத் தெரியல, புதுப் பையன்” என்றார்.